வாய்தா நாள்

பதினொன்றே காலுக்கெல்லாம் முடிந்துவிட்டது.
பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து நின்றோம்,
நீதிபதி விடுப்பு, பத்தொன்பதாம் தேதி என்றார்கள்.
வக்கீல் பத்ருநிஸா கறுப்பு அங்கியை மடித்தபடி
"சாப்பிட்டுப் போங்க" என்றார்,
கல்யாண வீட்டில் சொல்வது போல.

நான் போட்டிருந்தது முழுநாள் லீவு.
தயாபரனும் அப்படித்தான்.
உயர்நீதிமன்ற மதிலோரம்
ஒரு குடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று
பஸ் நம்பர்களைப் படித்துக்கொண்டிருந்தோம்.
"இந்த ஏரியாவச் சுத்திப் பாத்ததே இல்ல" என்றான்.
இருபத்திரண்டு வருஷமாக அவனுக்கு இது
ஸ்டாம்ப் பேப்பர் வாங்கும் இடம்,
எனக்குக் குக்கர் கேஸ்கட்.

தம்புச் செட்டித் தெருவில் நுழைந்தோம்,
வெளியூர்க்காரர்களைப் போலத் தண்ணீர் பாட்டிலோடு.
அண்ணாந்தால்தான் இருக்கிறது பழைய ஊர்.
கீழே ஜெராக்ஸ், பால்பேரிங், கூரியர்;
மேலே சட்டம் வைத்த பச்சைக் கதவு,
விரிசல் விட்ட தூணின் தலையில் சுதைக் கிளி,
அதன் கழுத்தைச் சுற்றிப் போகிற கேபிள் ஒயர்.
அட்டைப்பெட்டி சுமந்து வந்தவர்
"ஓரம், ஓரம்" என்றபோது
அவன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.
பிறகு விட்டுவிட்டான்.
விட்டது இருவருக்கும் தெரிந்தது.

ஆர்மீனியன் தெருவை நம் நாக்கு
அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டது.
அரண்மனை இல்லை.
வெள்ளைச் சுவரில் ஒரு வாசல்,
தாண்டினால் ஹாரன் சத்தம் பாதியில் நின்றுவிடுகிறது.
தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள்.
கொக்கியும் வளையமுமாய் எழுத்து.
யார் மேல் கால் வைக்கிறோம் என்று தெரியாமல்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
ஒரு கல்லில் இரண்டு பெயர் போலிருந்தது.
"புருஷன் பொண்டாட்டி" என்றான்.
"பங்காளிங்களா இருக்கும்" என்றேன்.
காவலாளியைப் பார்த்தோம்.
"ரெண்டரைக்கு மூடிருவோம்" என்றார் அவர்.

ஆண்டர்சன் தெருவில் கடைப்பையன் வழிமறித்தான்:
"வாங்க சார், வாங்கக்கா, பொண்ணுக்கா பையனுக்கா?"
எங்களுக்குப் பிள்ளை இல்லை.
அதைச் சொல்வதைவிட
உள்ளே போவது சுலபமாக இருந்தது.
மின்விசிறிக்கு அடியில் அரைமணி நேரம்
மயில், பிள்ளையார், தங்கரேக்கு, தாழம்பூ வாசனைத் தாள்.
எல்லா அட்டையிலும் அதே திருநிறைச்செல்வன்,
அதே திருநிறைச்செல்வி.
நாற்பது விதமாக அவர்களுக்கே கல்யாணம்.
தயாபரன் விலை கேட்டான்,
ஐந்நூறு அடித்தால் கவர் இலவசமா என்றான்,
கட்டாது என்று உதட்டைப் பிதுக்கினான்.
நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், சிரித்துவிடாமல்.

மூன்று மணிக்கு மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச்.
இரண்டு முறுக்குக்கு நடுவே
தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி.
கடித்தால் உடைந்து முன்கொசுவத்தில் கொட்டும்.
"ஒண்ணுல வெங்காயம் வேணாம்,
அவருக்கு ஆகாது" என்றேன்.
சொன்ன பிறகுதான் யார் சொன்னது என்று பார்த்தேன்.
மனுவின் ஒன்பதாம் பத்தியில் இருக்கும் ஆள் இவன்தான்.
மாடு ஒன்று அவன் காகிதத்தட்டை முகர்ந்தது;
ஒரு துண்டு முறுக்கை வைத்துவிட்டு
விரலில் ஒட்டிய சட்னியை நக்கிக்கொண்டிருந்தான்.

பவழக்காரத் தெருவில் பவழம் தேடவில்லை.
கால் வலித்தது.

பீச் ஸ்டேஷனில் வெயில் இறங்கியிருந்தது.
"இங்க பீச்சே இல்ல, பாரு" என்றான்,
தானே கண்டுபிடித்தது போல.
கடல் முன்பு இதற்குப் பக்கத்தில் இருந்ததாம்,
துறைமுகம் கட்டியதும் தள்ளிப் போய்விட்டதாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவனுக்குத் தாம்பரம், எனக்குத் திருவொற்றியூர்.
குடை யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.
பீரோ, வண்டி, இரண்டு சவரன் வரை எழுதியிருந்தோம்,
குடையை விட்டுவிட்டோம்.
"நீ வெச்சிக்க. பத்தொம்பதாம் தேதி எடுத்துட்டு வா.
சீக்கிரம் வந்தா அந்த மணிக்கூண்டப் பாக்கலாம்,
ரெண்டரைக்கு மூடிடறாங்க."

அவன் வண்டி போன பிறகு
பழ வண்டிக்காரரிடம் கேட்டேன்,
திருவொற்றியூருக்கு எந்த பிளாட்பாரம் என்று.
தெரியும் எனக்கு.
ஆனாலும் கேட்டேன்.